அந்த எண்பது ஜிபியைத் தின்னது யாரு

என் அன்பு மகளுக்கு, வீட்டோட பெரிய வாலுக்கு, அப்பா எழுதிக்கிறது. இங்க நானு, உங்கம்மா, என் முழங்கால் வலி, அவளோட முன்கோபம் எல்லாரும் சௌக்கியம். அங்க நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, குளிர் குறைஞ்சுதா, வேலைக்குச் சேர்ந்த இடத்துல உன் பேச்சை யாராவது கேக்கறாங்களா, இல்ல நீதான் எல்லார் பேச்சையும் கேக்கறியா, எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு ஆசை. கையில போனை வெச்சுக்கிட்டு எதுக்கு இந்தக் கிழவன் காகிதத்துல கிறுக்கி அனுப்பறான்னு நீ சிரிப்ப. சிரிச்சுக்கோ. போன்ல சொல்லலாம்னா உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்துக்குவா, நான் மூச்சு இழுக்கறதுக்குள்ள என் பதிலையும் அவளே சொல்லி முடிச்சிருவா. மெசேஜ் அனுப்பலாம்னா என் போனை என்னைவிட அவதான் ஒழுங்கா படிக்கிறா. அவ கண்ணு படாத ஒரே இடம் தபால் பெட்டியோட வயிறுதான். ஸ்டாம்ப் வாங்கப் போனா, ஜன்னலுக்குப் பின்னாடி இருந்த பொண்ணு என்ன பெரியவரே வேலைக்கு அப்ளிகேஷன் போடறீங்களான்னு கேட்டுச்சு. ஆமாம்மா, மாப்பிள்ளை வேலை, பொண்ணு வீட்ல பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னேன். உள்ள இருந்த நாலு பேரும் எழுந்து வந்து என் மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனாங்க. நாலு நாள்ல கடிதாசி உன் கையில இருக்கும்னு சொல்லிச்சு. இருந்தாகணும், ஏன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ இதைப் படிச்சாகணும்.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசக் கடைசியில நீ போன்ல ஒரு கோர்ட்டு நடத்தினியே ஞாபகம் இருக்கா. ரெண்டு போனுக்கும் சேர்த்து மாசத்துக்கு நூறு ஜிபி போட்டுக் கொடுத்தேன், மாசம் முடியறதுக்கு முன்னாடியே காலியாகுது, ஒரு ஆளு சராசரியா மாசத்துக்கு இருபது ஜிபிதான் செலவு பண்றான்னு எங்கயோ படிச்சேன், ஆபீசும் இல்ல காலேஜும் இல்ல, வீட்ல உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேரு எப்படி நூறைத் தின்னு தீர்க்கறீங்க, யாரு அதுன்னு கேட்ட. உங்கம்மா ஒரு இமையைக்கூட அசைக்கல, வேற யாரு, உங்கப்பாதான்னு சொன்னா. நான் வாயில இருந்த டீயை முழுங்கறதா துப்பறதான்னு தெரியாம நின்னேன். நீயும் அவ சொன்னதை அப்படியே நம்பிட்ட. ஆபரேஷன் பண்ணின கண்ணை வெச்சுக்கிட்டு எந்நேரமும் என்ன வீடியோ வேண்டிக்கிடக்கு, அடுத்த மாசமும் இப்படித் தீர்ந்துச்சுன்னா ஆளுக்கு இருபது ஜிபிதான், ஒரு சொட்டு கூட மாட்டேன்னு தீர்ப்பு எழுதிட்ட. இந்த மாசமும் தீர்ந்துபோச்சு மகளே. உனக்கும் மெசேஜ் வந்திருக்கும். ஆனா நீ அந்த இருபதைப் போட்டுறாத. போட்டேன்னா கெட்டுப்போறது என் கண்ணு இல்ல, ரெண்டு பொம்பளைங்க மனசு. யாரு எவருன்னு முழுசா சொல்றேன், படிச்சு முடிக்கிற வரைக்கும் போனைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடு. கொடுத்தாச்சா, சரி.

முதல்ல என் மேல விழுந்த பழியைத் துடைச்சுக்கறேன். நான் பார்க்கிறது ஒரே ஒரு ஜாதி வீடியோதான், அடைப்பு எடுக்கிற வீடியோ. எங்கயோ ஒரு நாட்டுல ஒருத்தன் தெருச் சாக்கடையில கம்பியை விட்டுக் குத்தறான், கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்கல, அப்புறம் குபுக்குன்னு தண்ணி சுத்திக்கிட்டு இறங்குது பாரு, அடடா, முப்பத்தெட்டு வருஷம் பிளம்பரா இருந்தவனுக்குத்தான் அந்த சொகம் தெரியும். உங்கம்மா இதைப் பார்த்துட்டு, சாப்பிடற நேரத்துல இந்த மனுஷன் சாக்கடை பார்க்கிறாருன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. சரி, சாக்கடைக்கு எவ்வளவு ஜிபி போகும்னு தெரிஞ்சுக்க மருந்துக்கடைப் பொண்ணுகிட்ட போனைக் கொடுத்தேன். அது எங்கயோ நாலு தட்டு தட்டி, தாத்தா உங்க போன் மாசத்துக்குப் பதினொண்ணுதான் தின்னிருக்குன்னு சொல்லிச்சு. ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனா கழித்தல் கணக்கு எனக்கு வரும். நூத்துல பதினொண்ணு போனா மிச்சம் யார் வயித்துல. எனக்கு எதிரா சாட்சி சொன்ன அதே அம்மா வயித்துல. எண்பதுக்கு மேல.

உடனே போய்ச் சண்டை போட்டிருப்பேன்னு நினைக்காத. மொதல்ல எண்பதுங்கிறது பெரிசா சின்னதான்னு தெரியணுமே. நீ சொன்ன அந்த சராசரி ஆளைத் தேடிக்கிட்டு தெருவுல இறங்கினேன். முடி வெட்டற கடையில கேட்டேன், காலையில பாட்டுப் படத்தைப் போட்டா கடை மூடற வரைக்கும் ஓடும், பாட்டு நின்னா உட்கார்ந்திருக்கிற ஆளு தலையை ஆட்டிருவான், காது போயிரும், அதனால எனக்கு அறுபதுன்னான். எதிர்ல கைக்கடிகாரம் ரிப்பேர் பண்றவர், எனக்கு மாசத்துக்கு ஒண்ணுகூட ஆகாது, ஒரு கண்ணுலதான் பூதக்கண்ணாடி, இன்னொரு கண்ணையாவது சும்மா வெச்சிருக்கேன்னாரு. மருந்துக்கடைப் பொண்ணு மட்டும் வாயே திறக்கல, அவங்க அம்மா கல்லாவுல உட்கார்ந்திருந்தாங்க, அப்புறம் நான் வெளியில வந்ததும் பின்னாடியே வந்து நாப்பத்தஞ்சு தாத்தா, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுச்சு. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் மீசையைத் தடவிக்கிட்டு, நான் செய்தி மட்டும்தான் பார்ப்பேன், ரெண்டு ஜிபி, அதுவே ஜாஸ்தின்னாரு. உள்ள இருந்து அவர் சம்சாரம் சிரிச்ச சிரிப்புல ஒரு பாத்திரம் கீழ விழுந்துச்சு. இருபதுன்னு சொன்னவன் ஒருத்தன் இல்ல. நீ படிச்ச அந்த சராசரி ஆளு எங்க தெருவுல குடியிருக்கல மகளே, வேற எங்கயாவது தனியா ரூம் எடுத்திருப்பான். ஆனா எண்பதைத் தொட்டவனும் ஒருத்தன் இல்ல. உங்கம்மா தெருவுக்கே முதல் மார்க்கு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல போ. இந்தம்மா அப்படி என்னத்தைப் பார்க்கிறா. டிவி சீரியல் மாப்பிள்ளை எவனையாவது தனியா போன்ல வெச்சுப் பார்க்கிறாளோ, இந்த வயசுல எனக்குப் போட்டிக்கு ஒருத்தனோன்னு நினைச்சு கண்ணாடி முன்னாடி நின்னு மீசையை முறுக்கிப் பார்த்தேன், முறுக்கற அளவுக்கு மீசை மிச்சமில்ல. மறுநாள்லருந்து வேவு பார்க்க ஆரம்பிச்சேன். டிபன் முடிஞ்சதும் சமையல்கட்டுக் கதவு சாத்திக்கும், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் திறக்காது. கதவுல காதை வெச்சா பாட்டும் இல்ல, வசனமும் இல்ல. பாத்திரச் சத்தம், தண்ணிச் சத்தம். திடீர்னு ஒரு தடவை அடுப்பைக் குறைடின்னு உங்கம்மா குரல். கொஞ்ச நேரம் கழிச்சு, நின்னுக்கிட்டே நறுக்காத, முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருன்னு. வீட்ல வேற ஆளே இல்ல. கட்டின நாள்லருந்து என்னை அதட்டி அதட்டி, நான் பத்தாம இப்ப தன்னையே அதட்டிக்க ஆரம்பிச்சுட்டாளேன்னு பயந்துபோய், அன்னிக்கு அவ கேக்காமலே நானே காய் வாங்கிட்டு வந்தேன். எதுக்கு இந்தக் கரிசனம், என்ன உடைச்சீங்கன்னு கேட்டா.

ரெண்டு நாள் கழிச்சு அவ துணி காயப்போட மாடிக்குப் போனா. நான் பூனை மாதிரி உள்ள நுழைஞ்சேன். உண்மையைச் சொல்லணும்னா துப்புத் துலக்கறது ரெண்டாவது வேலை, முதல் வேலை அந்த முந்திரி டப்பா. சர்க்கரைக்குப் பயந்து இனிப்பை மட்டும் ஒளிச்சு வெப்பான்னு பார்த்தா, கொழுப்பு ஏறும்னு முந்திரியையும் மேல் தட்டுல ஏத்தி வெச்சிருக்கா. எட்டி எடுத்து ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கிட்டுத் திரும்பறேன், உப்பு ஜாடி மேல சாய்ச்சு வெச்சிருக்கு அவ போன். அதுக்குள்ள இன்னொரு சமையல்கட்டு. அந்தச் சமையல்கட்டுல ஒரு ஆளு, தேன் பாட்டில்ல விரலை விட்டுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். யாருன்னு நினைக்கிற, உன் சித்தப்பா. என் சகலை. மூணு வருஷமா நானும் அவனும் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கோமே, அதே பெயிண்டர். நான் கன்னம் உப்ப முந்திரியோட அசையல. அவன் விரலோட அசையல. படம் அப்படியே நின்னுபோச்சுன்னு நான் நினைச்சேன், அவனும் அதேதான் நினைச்சானாம், ரெண்டு பேரும் நின்னுபோன படத்துக்கு எதுக்கு பயப்படணும்னு தைரியமா நின்னுக்கிட்டிருக்கோம். அப்பத்தான் அவன் விரல்லருந்து தேன் சொட்டு மெதுவா நூல் மாதிரி இறங்குச்சு. படம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

எங்களுக்குள்ள எதுக்குச் சண்டைன்னு உனக்கு அரைகுறையாத்தான் தெரியும், இப்ப முழுசா கேட்டுக்கோ. அவன் வீட்டுக் குளியல் ரூமுக்கு நான்தான் குழாய் மாட்டினேன், வெந்நீர் ஒண்ணு பச்சைத்தண்ணி ஒண்ணு. அவன் பெயிண்டராச்சே, சும்மா இருப்பானா, குழாய்ப் பிடி மேல வெந்நீருக்குச் சிவப்புப் பொட்டு, பச்சைத்தண்ணிக்கு நீலப் பொட்டுன்னு அழகா வெச்சான். மறுநாள் உன் சித்தி நீலத்தைத் திறந்தா வெந்நீர் கொட்டுது. உன் குழாய்தான் மாறியிருக்குன்னு அவன், உன் பொட்டுதான் மாறியிருக்குன்னு நான். அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்துக்கிட்டு, எங்க அண்ணன் கையில குழாயைக் கொடுத்தா மேல போற தண்ணியும் கீழ வரும்னு நூறு பேர் சிரிக்கச் சொன்னான். நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்தவன்தான். அப்படிப்பட்டவன் மூணு வருஷம் கழிச்சு என்கிட்ட பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா, அண்ணே, அக்காகிட்ட சொல்லிறாதீங்க. நானும் விடுவேனா, முதல்ல விரலை எடுய்யா, பாட்டில்ல மாட்டிக்கிட்டா அதுக்கும் பிளம்பரைத்தான் கூப்பிடணும்னேன். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சோம். மூணு வருஷத்துச் சண்டையை முடிச்சு வெக்க எவனும் வரல, ஒரு சொட்டுத் தேன் வந்துச்சு.

சிரிச்சு முடிச்சப்புறம்தான் அவன் விஷயத்தைச் சொன்னான். இந்த இடத்துல நீ பதறக்கூடாது, கடைசியில எல்லாம் நல்லபடியா முடியுதுன்னு முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி உன் சித்தி அடுப்படியில நிக்கும்போது தலை சுத்தி அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வாடை வந்து, பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா ஓடிவந்து நிறுத்தியிருக்காங்க. அடி ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் அடுப்பைப் பத்த வெக்கவே உன் சித்திக்குப் பயம், தீப்பெட்டியைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பாளாம். உன் சித்தப்பன் காலையில பிரஷ்ஷைத் தூக்கிக்கிட்டுப் போனா சாயங்காலம்தான். உங்கம்மாகிட்ட அழுதிருக்கா. உங்கம்மா, போனைத் தட்டுல சாய்ச்சு வெச்சுட்டு நீ பாட்டுக்குச் சமை, நான் இங்க என் சமையலைப் பார்த்துக்கிட்டே உன்னையும் பார்த்துக்கறேன், ஏதாவதுன்னா நர்ஸ் அம்மா நம்பர் என்கிட்ட இருக்குன்னு சொல்லியிருக்கா. அன்னியிலருந்து தினமும் காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் ரெண்டு சமையல்கட்டும் ஒரே சமையல்கட்டு. எண்பது ஜிபி எங்க போச்சுன்னு இப்பத் தெரிஞ்சுதா. அந்தத் தன்னைத்தானே அதட்டற அதட்டல் எல்லாம் உன் சித்திக்கு. என்கிட்ட ஏன் மறைச்சாங்கன்னா நானும் அவனும் ஆகாதவங்க, நடுவுல எதுக்குன்னு. உன்கிட்ட ஏன் மறைச்சாங்கன்னா, நீ சித்தி மடியில வளர்ந்தவ, விஷயம் தெரிஞ்சா புது வேலையைப் போட்டுட்டு அடுத்த ரயில்ல ஏறிருவன்னு. உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அக்காவும் தங்கச்சியும் சத்தியம் பண்ணிக்கிட்டிருக்காங்க. நான் சத்தியம் பண்ணல, என்னை யாரும் கேக்கல, அதனால எழுதறேன்.

அதுக்கப்புறம் எங்களுக்கும் அது ஒரு வேலையாப்போச்சு. அங்க மழை, வெளிச்சுவர் வேலை எதுவும் இல்லாம அவன் பாதி நாள் வீட்லதான். உங்கம்மா துணி காயப்போட மாடி ஏறுவா, அதே சமயம் உன் சித்தி அங்க கடைக்குப் போயிருந்தா நாங்க ரெண்டு பேரும் டப்பாவுக்கு ஆஜர். அவன் தேன், நான் முந்திரி, ஒருத்தனுக்கு ஒருத்தன் காவல். எந்தத் திருடனுக்கு மகளே இப்படி ஒரு வசதி கிடைக்கும், படி ஏறி வர்ற சத்தம் கேட்டா இவன் கையைக் காட்டுவான் அவன் ஓடுவான். இதுல ஒருநாள் உங்கம்மா பேங்க்குக்குப் போனா, போனைச் சார்ஜுல போட்டுட்டு. உன் சித்தியும் வீட்ல இல்ல. விடு, இன்னிக்கு அந்தக் குழாய் வழக்கை முடிச்சிருவோம்னு அவன் போனைத் தூக்கிக்கிட்டு குளியல் ரூமுக்குப் போனான். நான் இங்கருந்து வழி சொல்றேன், இடது பக்கம் காட்டு, துடைச்சுட்டுக் காட்டு, ஏணியில ஏறி தொட்டிக்குப் பின்னாடி காட்டுன்னு. ஏணியில ஏறினான், கீழே இறங்கினான், சுவத்தோட சுவரா படுத்துப் பார்த்தான். குழாய் நான் மாட்டினபடி சரியா இருந்துச்சு, நான் மீசையில்லாத இடத்துல கையை வெச்சு முறுக்கினேன். அப்பத்தான் அவன், அண்ணே, நான் பொட்டு வெச்சப்போ பிடி ரெண்டையும் கழட்டித் திண்டுல வெச்சிருந்தீங்க, காய்ஞ்சப்புறம் திருப்பி மாட்டினது யாருன்னு கேட்டான். நான் சிக்னல் சரியில்ல, சரியா கேக்கலன்னு சொல்லிட்டேன். வழக்கு ஒத்திவெச்சிருக்கு. இப்பவும் அந்த வீட்டுக்கு வர்ற ஆளுங்ககிட்ட சிவப்புன்னா பச்சைத்தண்ணி, நீலம்னா வெந்நீர்னு பாடம் நடத்தித்தான் உள்ள அனுப்பறாங்களாம்.

வழக்கு முடியல, ஆனா நூறுல மிச்சம் இருந்தது முடிஞ்சுபோச்சு. எங்களுக்கு அது தெரியாது. மறுநாள் காலையில உங்கம்மா வழக்கம்போல போனை ஜாடி மேல சாய்ச்சிட்டு வேலையில இருக்கா. நான் கூடத்துல செருப்புக்கு ஆணி அடிச்சுக்கிட்டிருக்கேன். உன் சித்தப்பனுக்கு அன்னிக்குப் பார்த்து அவங்க தெருவுலயே ஒரு கடை ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை, வெளியில போயிட்டான். திடீர்னு உள்ள இருந்து என்னங்கன்னு ஒரு குரல் வந்துச்சு. உங்கம்மா என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. ஓடினேன், ஒரு கால்ல செருப்போட. போன்ல உன் சித்தி ஒரு கையை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு கண்ணை மூடினபடி நிக்கிறா, அப்படியே நிக்கிறா, அசையல. கூப்பிட்டா சத்தம் இல்ல. உங்கம்மா நம்பரைத் தப்புத் தப்பா அழுத்தறா. நர்ஸ் அம்மாவுக்கு நான் அடிச்சேன், அவங்க எடுக்கல. அப்புறம் யோசிக்கவே இல்ல, என் போன்ல சகலை நம்பரை அடிச்சேன், சாதாரணக் காலு. எடுத்தான். வீட்டுக்கு ஓடுய்யான்னு மட்டும் சொன்னேன். அவன் ஏன்னு கேக்கல. அவன் ஓடற சத்தம் எனக்குக் கேக்குது, மூச்சு கேக்குது, யாரோ திட்டறது கேக்குது. உங்கம்மா என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த அசையாத படத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. நானும்தான். எனக்குச் சிரிப்பு மறந்துபோன நேரம்னு ஒண்ணு இருந்தா அது அதுதான்.

அப்புறம் என் போன்ல உன் சித்தி குரல் கேட்டுச்சு, எதுக்குங்க பெயிண்ட் டப்பாவோட வீட்டுக்குள்ள வர்றீங்க, தரையெல்லாம் பச்சை பச்சையா என்னங்க இதுன்னு. அவ கொண்டை போட்டுக்கிட்டிருந்திருக்கா மகளே. வாயில ஹேர்பின்னைக் கடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கையைத் தூக்கிக் கொண்டை. அந்த நேரம் பார்த்து ஜிபி தீர்ந்து படம் நின்னிருக்கு. அவன் டப்பாவைக் கீழ வெக்கணும்னு தோணாம தெரு பூரா ஊத்திக்கிட்டே ஓடியிருக்கான், கடை வாசல்லருந்து வீட்டு வாசல் வரைக்கும் பச்சைக் கோடு, இப்பவும் இருக்காம், மழையே வந்தும் போகல, நல்ல கம்பெனி பெயிண்டுன்னு பெருமை வேற. நாங்க நாலு பேரும் ரெண்டு வீட்லயும் தரையில உட்கார்ந்து சிரிச்சோம், உங்கம்மா சிரிச்சுக்கிட்டே மூக்கைச் சிந்தினா. சிந்தி முடிச்சிட்டு மெதுவா என் பக்கம் திரும்பினா. மூணு வருஷமா பேசாத ஆளோட நம்பர் உங்களுக்கு எப்படி மனப்பாடம்னு கேட்டா. அழிக்கலாம்னு பார்த்தேன், எப்படி அழிக்கிறதுன்னு தெரியலன்னேன். நேத்துக் காலையில வரைக்கும் அஞ்சு ஜிபி இருந்துச்சே, அது எங்கன்னு கேட்டா. அங்க உன் சித்தி அதே கேள்வியை அவன்கிட்ட கேக்கறது எனக்குக் கேட்டுச்சு. முந்திரி டப்பா இப்ப பீரோவுக்குள்ள, சாவி அவ இடுப்புல. தேன் பாட்டில் நர்ஸ் அம்மா வீட்ல.

இதுலயும் ஒரு நல்லது. அன்னிக்கு மத்தியானமே உங்கம்மா போட்ட போட்டுல அவன் உன் சித்தியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டான். ரத்தம் எடுத்து, ஈசிஜி எடுத்து எல்லாம் பார்த்தாங்க. ஒண்ணும் இல்லை. காலையில பட்டினியா பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் சாப்பிடாம வேலை செஞ்சதுதான், தலை சுத்தாம என்ன செய்யும்னு டாக்டர் திட்டி, சாப்பிட்டுட்டு மாத்திரை போடு, தாராளமா தனியா சமைக்கலாம்னு சொல்லிட்டாரு. இப்ப மூணு வேளையும் சாப்பிடறா, குரல்ல ஒரு தெம்பு வந்திருச்சு, என்னையே மாமா முந்திரி மாமான்னு கூப்பிடற அளவுக்குத் தெம்பு. அதனால நீ ரயில் டிக்கெட் எல்லாம் பார்க்காத.

சரி, வியாதியே இல்ல, காவலும் வேண்டாம், அப்ப மகள் சொன்ன இருபதே போதுமே, இந்தக் கடிதாசி எதுக்குன்னு நீ கேப்ப. நானும் அதைத்தான் உங்கம்மாகிட்ட சொன்னேன். முதல் தேதி வர்ற வரைக்கும் ஜிபி இல்லையே, அந்த ஜாடி மேல போன் இல்லாம ரெண்டு நாளா சமைச்சா. முதல் நாள் குழம்புல உப்பு இல்ல. ரெண்டாம் நாள் உப்புதான் இருந்துச்சு, குழம்பு இல்ல. அரைமணிக்கொரு தடவை சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னு என்னைப் பார்க்கிறா, என்ன வேணும்னா ஒண்ணும் இல்லைங்கிறா. நான் கூட உள்ள போய் முக்காலியில உட்கார்ந்து பார்த்தேன், நீங்க மூச்சு விடற சத்தம் ஜாஸ்தின்னு விரட்டிட்டா. சாயங்காலம் சகலைகிட்ட பேசினேன், அங்கயும் அதே கதை, உன் சித்தி ஒரு தக்காளியை எடுத்து வெச்சுக்கிட்டு அரைமணி நேரமா எந்தப் பக்கம் நறுக்கறதுன்னு பார்த்துக்கிட்டிருக்காளாம். நான் உங்கம்மாகிட்ட போய், இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிற, சாதாரணக் கால் போட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசிக்கோ, அதுக்கு ஜிபியே வேண்டாமேன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே சொன்னா, பேசறதுக்கு எங்களுக்கு என்னங்க இருக்கு, எல்லாத்தையும் பேசி முடிச்சாச்சு, அவ அங்க சும்மா குறுக்க நெடுக்க நடந்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்னு.

கல்யாணம் ஆகி ஆளுக்கொரு ஊருக்குப் போன நாள்லருந்து அந்த ரெண்டு பேரும் ஒரே அடுப்படியில நின்னது நாலு விசேஷத்துக்குத்தான். இந்த ரெண்டு மாசத்துலதான் தினமும் நின்னிருக்காங்க. அதுக்கு எண்பது ஆகுதுன்னா ஆகட்டும். ஒரு ஆளுக்கு மாசத்துக்கு எவ்வளவுன்னு நீ படிச்ச கணக்குல இவங்களைச் சேர்க்காம விட்டுட்டாங்க போல. உங்கம்மா உன்கிட்ட வாய் திறந்து கேக்க மாட்டா, கேட்டா காரணம் சொல்லணும், காரணம் சொன்னா சத்தியம் போயிரும், நீயும் பதறுவ. இருபதைப் போட்டா பேசாம வாங்கி வெச்சுக்கிட்டு உப்பில்லாக் குழம்பு வெப்பா. அதைச் சாப்பிடப்போறது நான்.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன், கவனமா கேளு. ஞாயித்துக்கிழமை நீ சாதாரணக் கால்ல கூப்பிடுவ. உங்கம்மா ஸ்பீக்கர்ல போடுவா. நாங்க எடுத்ததும் என்னைத் திட்டு. அப்பா, இந்த மாசமும் தீர்த்துட்டீங்களா, உங்க சாக்கடைக்கு ஒரு அளவே இல்லையா, சொன்னா திருந்த மாட்டீங்க, என்ன பண்றது, பெத்த கடனுக்கு இருநூறு ஜிபி போட்டுத் தொலைக்கிறேன், அம்மா அவரை நம்பாம மிச்சத்தையெல்லாம் உன் போன்லயே வெச்சுக்கோன்னு சொல்லு. நல்லா சத்தமா சொல்லு, எனக்கு ரோஷம் வர்ற மாதிரி சொல்லு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தப்புதாம்மா, கண்ணு கேக்கமாட்டேங்குதுன்னு சொல்றேன். அப்ப உங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவே பார்க்கணும் போல இருக்கு. ஒரு பக்கம் என் மேல பாவம், ஒரு பக்கம் சந்தோஷம், ரெண்டையும் அடக்க முடியாம உள்ள போய்ப் பாத்திரத்தை உருட்டுவா. நடுவுல நீ சிரிச்சுறாத, உனக்கு அந்த வியாதி உண்டு. சிரிப்பு வந்தா மாப்பிள்ளையைக் கிள்ளு.

வேறென்ன. உன் வீட்டுக் குளியல் ரூம் குழாய் சொட்டுதுன்னியே, ஆளைக் கூப்பிடாத, வாஷர் மாத்தினா போதும், மாப்பிள்ளையைத் தொட விடாத, அவருக்குக் கம்ப்யூட்டர் மட்டும்தான் தெரியும். பொட்டு எதுவும் வெக்காதீங்க. காலையில சாப்பிடாம ஓடாத, சித்தி கதையைப் படிச்சப்புறமும் ஓடினேன்னா நானே உங்கம்மாகிட்ட சொல்லி உன் சமையல்கட்டுக்கும் ஒரு போனை வெக்கச் சொல்லிருவேன். ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க, சண்டை வந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சுக்கோங்க. இந்தக் கடிதாசியைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு, பதில் எழுதாத, தபால் வந்தா உங்கம்மாதான் வாங்குவா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணி, மறந்துறாத, திட்டு வாங்கறதுக்குச் சட்டை மாத்திக்கிட்டு ரெடியா இருப்பேன்.

இப்படிக்கு, செய்யாத குத்தத்தைச் சந்தோஷமா ஒத்துக்கப்போற,
உன் அப்பா.